கடப்பில் கட்டிய வேப்பிலை

காத்தான்குடி கச்சி முகம்மது, பெரியம்மை வராமலிருக்க அம்மைப்பால் குத்துகிற அரசாங்க உத்தியோகத்தர். பெரிய உத்தியோகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் காக்கிக் கோட்டும் சைக்கிளும் தோல் பையும் உள்ள ஒரு மனிதனைக் கண்டு பிள்ளைகள் ஓடி ஒளிவதற்கு அந்தக் காலத்தில் அது போதும். கல்முனை வீதியில் அவருடைய சைக்கிள் மணி கேட்டால் பிள்ளை பெற்றவள் பிள்ளையை மறைப்பாள், பிள்ளை இல்லாதவள் கோழியை மறைப்பாள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அப்படிச் சிரித்ததெல்லாம் இருபத்தொன்பதாம் ஆண்டுக்கு முன்பு.

அதற்குப் பிறகு ஊர் அவருக்கு வேறொரு பெயர் வைத்தது. கைமடிப்புக் காக்கா. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்பார்கள். எங்கே ஒரு பிள்ளையைக் கண்டாலும் அதன் முழங்கையைப் பிடித்து நீட்டி, உள்பக்க மடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். கல்யாண வீட்டில் தண்ணீர் கொண்டுவந்த சின்னப் பெண்ணின் கையையும் பார்த்திருக்கிறார். தண்ணீர் சிந்தி, இடுப்பில் கட்டிய புதுச் சாரம் நனைந்த மனிதர் ஏசினார். கச்சி முகம்மதுவுக்கு அது காதில் விழவே இல்லை. மூளையில் ஏதோ பிசகு என்றார்கள் சிலர். ஊருக்கு என்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லும். காரணம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பதினாறு வருஷம் அதை அவர் ஒருவரே வைத்திருந்தார்.

அம்மைப்பால் குத்துவது ஒரு நிமிஷ வேலை. மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் குழந்தையின் இடது புயத்தில் நாலு இடத்தில் வைத்துக் கீறிவிட வேண்டும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். மூன்றாம் நாள் கீறிய இடத்தில் பரு எழும். ஐந்தாம் நாள் அதில் நீர் கோக்கும். எட்டாம் நாள் முத்துப் போலத் திரண்டு நிற்கும், சுற்றிலும் சிவப்பு வளையம் இருக்கும், காய்ச்சலும் அடிக்கும். மூன்று கிழமையில் பொருக்கு உதிர்ந்துவிடும். இதற்கு மேல் வருவதைத்தான் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். சில உடம்புக்கு அந்தப் பால் ஒத்துக்கொள்ளாது. கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி மேலெல்லாம் தடிக்கும். அது இரண்டு மூன்று நாளில் தணியும் தடிப்பா, தணியாத தடிப்பா என்று கச்சி முகம்மது எட்டி நின்றே சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கரப்பான் சொறி உள்ள பிள்ளைக்குக் குத்தவே கூடாது என்பது சட்டம். அந்தத் தோலில் பால் பட்டால் கொப்புளம் கீறின இடத்தோடு நிற்காது. அதுவும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் நடந்ததுதான் இந்தக் கதை.

இருபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம். செட்டிபாளையத்தில் சாமித்தம்பியின் வீட்டு வளவுக்குப் போனார். சாமித்தம்பி வட்டை வயலில் வேளாண்மைக் காவலுக்குப் போயிருந்தான். அவன் மனைவி இலட்சுமிப்பிள்ளை ஐந்து மாதக் குழந்தை அழகரத்தினத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பின்னாலேயே ஏழு வயது மூத்தவள் அன்னப்பூரணியையும் தள்ளிவிட்டாள்.

"இவளுக்கும் குத்தல்ல காக்கா. ஒவ்வொரு முறையும் ஓடிப் போயிருவாள்."

கச்சி முகம்மது அந்தப் பிள்ளையின் கையை நீட்டிப் பார்த்தார். முழங்கை மடிப்பில் கரப்பான். சொறிந்து சொறிந்து தோல் தடித்து, நடுவில் வெடித்து, நீர் கசிந்தது. முழங்காலுக்குப் பின்னாலும் கழுத்திலும் அதே கோலம்.

"இவவுக்கு ஏலா தங்கச்சி. கரப்பான் மாறட்டும். மறுகா பாப்பம்."

அன்னப்பூரணியின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். தம்பிக்குக் கீறியபோது அவன் வீரிட்டான். அவள் ஓடி வந்து அவனை வாங்கி வலது இடுப்பில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றினாள். தாய் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருக்க, குழந்தை நாள் முழுக்க அக்காவின் இடுப்பில்தான் இருப்பான் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. சட்டப்படி செய்ததை நினைத்துத் திருப்தியோடு கச்சி முகம்மது சைக்கிள் ஏறினார்.

எட்டாம் நாள் வந்தார். வேலிக் கடப்பைத் திறந்து உள்ளே போனபோது அன்னப்பூரணிதான் முதலில் எதிரே வந்தாள். குழந்தை வலது இடுப்பில். அவனுடைய இடது புயம் அவளுடைய வலக் கையின் மடிப்புக்குள் அடங்கியிருந்தது. புயத்தில் நாலு முத்தும் நன்றாகத் திரண்டிருந்தன. ஒன்று உடைந்து நீர் வடிந்து அவள் கைமடிப்பு ஈரமாக இருந்தது. அதை அவர் கண்டார். கண்டார் என்பதுதான் பின்னால் அவரைத் தின்றது.

"அக்கா எண்டா இப்பிடித்தான் இரிக்கணும்" என்று அவள் தலையில் தட்டினார். கொப்பியை எடுத்து, அழகரத்தினத்தின் பெயருக்கு நேரே நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எழுதினார். அவருடைய கண்ணுக்கு அன்றைக்குப் பால் குத்திய பிள்ளை மட்டும்தான் பிள்ளை.

பதினாறாம் நாள், பொருக்குக் காய்கிற பிள்ளைகளைப் பார்ப்பதற்காக அதே ஒழுங்கைச் சந்துக்குள் வந்தார். சாமித்தம்பி வளவுக் கடப்பில் வேப்பிலை கட்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் வேப்பிலை கட்டிய வீட்டைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாள் வந்திருக்கிறாள், அவ்வளவுதான். தெருப் புழுதியோடு அந்நியர் உள்ளே போகக் கூடாது. உள்ளே தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. மாட்டிறைச்சி தின்ற வாயோடு ஒரு முஸ்லிம் அந்தக் கடப்பைத் தாண்டுவது நினைத்தும் பார்க்க முடியாத மரியாதைக் கேடு. கச்சி முகம்மது பிறந்ததிலிருந்து தமிழர் ஊர்களில் பழகியவர். கடப்புக்கு வெளியே நின்றபடியே மணியை அடித்தார்.

இலட்சுமிப்பிள்ளை அழகரத்தினத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. வேலிக்கு மேலால் குழந்தையின் புயத்தைக் காட்டினாள். பொருக்கு அழகாகக் காய்ந்திருந்தது.

"யாருக்கு?" என்று வேப்பிலையைப் பார்த்துக் கேட்டார்.

"மூத்தவளுக்கு. நாலு நாளாகுது."

"கொப்புளிப்பானா இரிக்கும்."

"ஓம். அப்பிடித்தான் இரிக்கும்" என்றாள் அவள் அவசரமாக. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "காக்கா, எழுதிப் போடாதீங்க. எழுதினா அம்மைக் கொட்டிலுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அங்க போன புள்ள திரும்பி வாறல்ல."

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, கை எரியுது. அம்மா, கை."

கொப்புளிப்பான் என்கிற சின்னம்மை என்றால் வயிறும் முதுகும் எரியும். கை என்று ஒரு பிள்ளை ஏன் சொல்ல வேண்டும்? அந்தக் கேள்வி அவருக்குள் எழும்பத்தான் செய்தது. போய் ஒரு முறை பார்த்தால் என்ன என்றும் தோன்றியது. கால் நகரவில்லை. வேப்பிலை முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. காலையில் தின்ற இறைச்சி நினைவுக்கு வந்தது. ஒரு தாயின் மனதை நோகடித்து உள்ளே போவானேன் என்று நினைத்தார்.

"எழுதல்ல தங்கச்சி. பத்திரமாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். நல்ல மனிதர் என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் அன்னப்பூரணி செத்துப்போனாள்.

ஒரு கிழமை கழித்துக் குருக்கள்மடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில்தான் அவருக்கு அது தெரிந்தது. அந்த வீட்டுத் துணி எடுத்து வெளுக்கிற கட்டாடி சொல்லிக்கொண்டிருந்தான். அம்மாள் இப்படி வந்து அவன் கண்டதே இல்லையாம். கைமடிப்பிலும் கால்மடிப்பிலும் கழுத்திலும் ஊசி வைக்க இடமில்லாமல் கொப்புளமாம், நெஞ்சும் முதுகும் பளிங்காக இருந்ததாம். கச்சி முகம்மது கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். கரப்பான் இருந்த இடங்கள் அவை. தம்பியின் புயத்தில் வடிந்த நீர் அக்காவின் கைமடிப்பில் இறங்கியிருக்கிறது. குத்தாமல் விட்ட பிள்ளையை, தம்பிக்குக் குத்திய பால் தேடிப் போயிருக்கிறது. அம்மாளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

புளியந்தீவில் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம், வேறு எங்கோ நடந்தது போலக் கேட்டார். கரப்பான் பிள்ளைக்குக் குத்தாமல் விட்டால் மட்டும் போதாது, குத்திய குழந்தையிடமிருந்து அதைப் பொருக்கு உதிரும் வரைக்கும் விலக்கி வைக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்தப் பதினாறாம் நாளே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கச்சி முகம்மது கேட்டார். "அது சொல்லேலாது" என்றார் டாக்டர். பிழைத்திருக்காது என்று சொல்லியிருந்தால் கச்சி முகம்மது எப்படியோ ஆறியிருப்பார். பிழைத்திருக்கும் என்று சொல்லியிருந்தாலும் ஒருவழியாக அழுது தீர்த்திருப்பார். சொல்லேலாது என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வது?

அன்றிலிருந்து வேலை செய்கிற விதமே மாறியது. கீறுவதற்கு முன் அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் யாரோடு படுப்பது, குழந்தையை யார் தூக்குவது என்று கேட்டார். எல்லோருடைய கைமடிப்பையும் பார்த்தார். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று ஒரு பிள்ளைக்கு நாலு தரம் சைக்கிள் மிதித்தார். வேப்பிலை கட்டிய கடப்பென்றால் வெளியே நின்று கெஞ்சியாவது பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவரச் செய்து பார்த்தார். மேலதிகாரிகள் அவரை மெச்சினார்கள். மெச்சும்போதெல்லாம் அவருக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

செட்டிபாளையத்துக்கு மட்டும் அவர் போகவில்லை. அந்தப் பகுதியைத் தன்னோடு வேலை செய்கிற மீராசாஹிபிடம் தள்ளிவிட்டு, தூரத்து ஊர்களைத் தான் எடுத்துக்கொண்டார். ஆனால் குரல் ஊர் பார்த்தா வருகிறது? வாவிக் காற்று எதிரே அடிக்கும்போது, நடுப்பகலில், சைக்கிளில் போகும்போதே கேட்கும். கை எரியுது. இறங்கி நின்று சுற்றிலும் பார்ப்பார். தாழை மரமும் தண்ணீரும்தான் இருக்கும்.

இலட்சுமிப்பிள்ளையைப் பற்றிய கதையும் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தது. அம்மாள் வந்திருந்த நாட்களில் வட்டையிலிருந்து களைத்து வந்த புருஷனுக்கு அவள் இரண்டு மீன் பொரித்துக் கொடுத்தாளாம். அந்த வாசத்தில்தான் அம்மாள் கோபித்துப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள் என்று அவள் நம்பினாள், ஊரும் நம்பியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. திருவிழாவுக்குப் போனாலும் கோயிலுக்குள் போக மாட்டாள், வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வருவாள். இதைக் கேட்ட நாளிலிருந்து கச்சி முகம்மதுவுக்குத் தன் வீட்டில் மீன் பொரிக்கிற வாசம் வந்தால் இருப்புக்கொள்ளாது. எழுந்து பின்வளவுக்குப் போய்விடுவார்.

"மீன் பொரிச்சா உங்களுக்கு என்ன செய்யிது?" என்று மனைவி ஸாலிஹா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அவரும் தினம் தன்னைக் கேட்டார். ஒரு பிள்ளையைப் பால் கொன்றது என்று செட்டிபாளையத்தில் ஒரு வாய் சொன்னால், ஓட்டமாவடி வரைக்கும் எந்தத் தாயும் குழந்தையை நீட்ட மாட்டாள். பிறகு உண்மையான பெரியம்மை வந்தால் ஊர் ஊராக வாரிக்கொண்டு போகும். இது நியாயமான காரணம்தான். நியாயமான காரணத்துக்குப் பின்னால் பயந்தாங்கொள்ளி ஒருவன் ஒளிந்திருந்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

நாற்பத்தைந்தாம் ஆண்டு, பெரியம்மை வருகிறது என்று பேச்சு அடிபட்டது. ஒரு குழந்தையும் மிச்சமில்லாமல் குத்த வேண்டும் என்று கட்டளை. அந்த நேரம் பார்த்து மீராசாஹிப் கால் முறிந்து படுத்துக்கொண்டார். செட்டிபாளையம் கச்சி முகம்மதுவின் தலையில் விழுந்தது.

சாமித்தம்பி வளவைக் கடைசிக்கு வைத்தார். வேறு வழியில்லாமல் போய்க் கடப்பைத் திறந்தபோது கால் அப்படியே நின்றுவிட்டது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி, வலது இடுப்பில் கைக்குழந்தையோடு முற்றத்தில் நின்றாள். இலட்சுமிப்பிள்ளைக்குப் பிந்திப் பிறந்த பிள்ளைகள் இருவரும். பெண்ணின் பெயர் நேசம்மா. அவர் போய் அவள் கையை நீட்டிப் பார்த்தார். மடிப்பில் கரப்பான்.

இலட்சுமிப்பிள்ளை உள்ளேயிருந்து வந்தாள். தலை நரைத்திருந்தது. அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"காக்காவா? எவ்வளவு காலம். வாங்க, வாங்க."

அவர் உட்காரவில்லை. "குழந்தைக்குக் குத்தத்தான் வேணும் தங்கச்சி. ஆனா இண்டையிலிருந்து பொருக்கு விழும் வரைக்கும் இந்தப் புள்ள குழந்தையைத் தூக்கக் கூடாது. ஒரே பாயில படுக்கவும் கூடாது."

"ஏன், அவள் தூக்கினா என்ன? நான் வேலை பாக்கிறல்லையா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதி மனதோடு கேட்ட சொல்லை ஒரு தாய் எத்தனை நாள் காப்பாள்? மூன்று கிழமை காக்க வேண்டும். கச்சி முகம்மது பையைக் கீழே வைத்தார்.

"அண்டைக்கு அன்னப்பூரணிக்கு வந்தது அம்மாள் இல்ல. நான் தம்பிக்குக் குத்தின பால். அவன்ட கையிலிருந்து அவட கரப்பானில பட்டிரிக்கு. தூக்கக் கூடாதெண்டு நான் சொல்லல்ல. எட்டாம் நாள் கண்ணால கண்டும் சொல்லல்ல. மறுகா அவ கத்தினது கேட்டும் உள்ள வரல்ல. பிழை என்ட பிழை."

நேசம்மா ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் மீன் பொரிச்சன்" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

"அதுக்கும் இதுக்கும் ஒண்டுமில்ல தங்கச்சி. நீ ஒரு பிழையும் செய்யல்ல."

இதைச் சொன்னால் அவளுடைய பாரம் இறங்கும் என்று பதினாறு வருஷம் அவர் நினைத்திருந்தார். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இறங்கவில்லை. அவரைப் பார்க்காமல், வேலியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அம்மாள் எடுத்தா எண்டா, புள்ள அம்மாளிட்ட இரிக்கா எண்டு நினைச்சன். நான் வெளிய நிண்டாலும் அவ உள்ளுக்கு இரிக்கா எண்டுதான் கோயிலடியில போய் நிக்கிற. இனி நான் அவவ எங்க போய்ப் பாக்கிற காக்கா?"

அவருக்குக் கண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவும் வெட்கமாக இருந்தது. அவள் போய் நேசம்மாவின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கித் தன் இடுப்பில் வைத்தாள். இடது புயத்தை நீட்டினாள்.

"குத்துங்க" என்றாள்.

மூன்றாம் நாள் வந்தார். ஐந்தாம் நாள் வந்தார். எட்டாம் நாளும் வந்தார். ஒவ்வொரு முறையும் இலட்சுமிப்பிள்ளை கடப்படிக்கே வந்து குழந்தையின் புயத்தைக் காட்டினாள், நேசம்மாவைக் கூப்பிட்டு அவள் கையையும் நீட்டிக் காட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரிலும் யாரிடமும் அவள் சொல்லவில்லை என்பது, மற்ற வீடுகளில் குழந்தைகளை நீட்டியதிலிருந்து தெரிந்தது. ஏசியிருந்தால் தேவலாம் என்று நினைத்தார் கச்சி முகம்மது.

பதினாறாம் நாள் ஒழுங்கைக்குள் திரும்பினார். கடப்பில் வேப்பிலை கட்டியிருந்தது.

சைக்கிள் எப்படி விழுந்தது, பை எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. செருப்பும் புழுதியுமாகக் கடப்பைத் தள்ளிக்கொண்டு, வேப்பிலை முகத்தில் அடிக்க உள்ளே ஓடினார். "நேசம்மா, நேசம்மா" என்று கூப்பிட்டார். முற்றத்தில் உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்த பிள்ளை திடுக்கிட்டு எழும்பினாள். கையைப் பிடித்து நீட்டினார். மடிப்பில் பழைய கரப்பான், காய்ந்து, ஒரு கொப்புளமும் இல்லாமல் இருந்தது. மற்றக் கையையும் கழுத்தையும் பார்த்தார். முழங்காலுக்குப் பின்னாலும் பார்த்தார். ஒன்றுமில்லை. அப்போதுதான் மூக்கில் அந்த வாசம் ஏறியது. வேப்பிலை கட்டிய வீட்டின் அடுப்படியில் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

இலட்சுமிப்பிள்ளை இடுப்பில் குழந்தையோடு அடுப்படி வாசலில் நின்றாள்.

"யாருக்குச் சுகமில்ல?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல."

"அப்ப வேப்பில?"

"நீங்க உள்ள வருவீங்களா எண்டு பாக்கத்தான் கட்டினன்" என்றாள். பிறகு, பொரிகிற சட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"அண்டைக்கும் இவ்வளவு இலதான் காக்கா கட்டியிருந்தன்."